மொட்டைமாடிக் காற்றாலையை எப்படி நிறுத்துவாய்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருக்கிறவர்கள் முழுசாகப் படியுங்கள். நேரம் இல்லாதவர்கள், உங்கள் வீட்டு மாடியிலோ பக்கத்து வீட்டு மாடியிலோ பிள்ளைகள் யாராவது காற்றாலை செய்து நட்டு வைத்திருந்தால் மட்டுமாவது படியுங்கள்.

போன வாரம் பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பையன் அவன் அப்பாவோடு வீட்டுக்கு வந்தான். அப்பா ஒரு காலத்தில் என்னிடம் படித்தவர். பையன் செல்போனில் வீடியோ காட்டினான். பிவிசி பைப்பை நீளவாக்கில் அறுத்து மூன்று இறக்கை, நடுவில் பழைய மோட்டார், பின்னால் தகரத்தில் வெட்டிய வால். வீட்டு மாடியில் இரும்புக் குழாயில் நிறுத்தி, எல்இடி பல்பு எரிய விட்டிருக்கிறான். அழகாகத்தான் செய்திருந்தான். மலாவி நாட்டில் வில்லியம் கம்குவாம்பா என்ற பையன் டிராக்டர் ஃபேனையும் சைக்கிள் சட்டத்தையும் வைத்துக் காற்றாலை செய்தானே, அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஆசை வந்ததாம். அடுத்து இதையே பெரிசாக, இரண்டு மீட்டர் விட்டத்துக்குச் செய்து கண்காட்சியில் வைக்கப்போகிறான். என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார்கள்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "இதை எப்படிப்பா நிறுத்துவ?"

"ஒயரக் கழட்டிட்டா நின்னுரும் சார்" என்றான்.

அவன் அப்பாவுக்கு என் கேள்வி பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "ஓடுமான்னு கேப்பீங்கன்னு பாத்தா, நிறுத்துறதக் கேக்குறீங்களே சார்" என்றார். சரி, காபி சாப்பிடுங்கள் என்று சொல்லி உட்கார வைத்து, இரண்டு மணி நேரம் பேசினோம். அங்கே பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர்களிடம் சொல்லத் தயங்கிய ஒன்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

நம் ஊர்க் காற்றைப் பற்றி நம்மூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வைகாசி முடிகிற நேரத்தில் மேற்கே மலையில் மேகம் ஏறும். கம்பம் கணவாய் வழியாக இறங்குகிற காற்று ஆனி, ஆடியில் பள்ளத்தாக்கு முழுக்க அடித்துத் தள்ளும். கூடலூர், கம்பம், சின்னமனூர்ப் பக்கம் வாழை போட்டவர்கள் முட்டுக் கொடுக்கக் கம்பு தேடி அலைகிற காலம் அது. ஆண்டிபட்டி, கண்டமனூர் வழியாகப் போகிறவர்கள் வரிசையாக நிற்கிற பெரிய காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றை அங்கே நட்டவர்கள் சும்மா நடவில்லை. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் என்று தமிழ்நாட்டில் காற்றுக்குப் பேர்போன கணவாய்கள் நான்கு. அதில் ஒன்றின் வாசலில் நாம் குடியிருக்கிறோம்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் உள்ள சக்தியும் இரண்டு மடங்காகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. எட்டு மடங்காகும். வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப அது கூடும். அந்தப் பையன் செய்யப்போகிற இரண்டு மீட்டர் காற்றாடியையே எடுத்துக்கொள்வோம். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிற காற்று அந்த வட்டத்துக்குள் கொண்டுவருகிற சக்தி சுமார் 235 வாட். 36 கிலோமீட்டரில் அது சுமார் 1,885 வாட். 54 கிலோமீட்டரில் 6,360 வாட்டுக்குப் பக்கம். இதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நல்ல இறக்கைகூடப் பிடிக்கும். என்றாலும் கணக்கைப் பாருங்கள். நாம் வாங்குகிற காந்தமும் நாம் சுற்றுகிற காயிலும் 300, 400 வாட்டுக்குத்தான் தாங்கும். மீதிச் சக்தி எங்கே போகும்? பல்பு எரியவில்லை என்று வருத்தப்படுகிற நாட்கள் வருஷத்தில் பத்து மாதம் இருக்கும். மிச்சமுள்ள இரண்டு மாதத்துக்குத்தான் இந்தப் பதிவு.

இனி என் கதை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் என் பழைய மாணவர் ஒருவர், டிப்ளமோ எலக்ட்ரிக்கல் முடித்துக் கடையில் வேலை பார்த்தவர், தன் வீட்டு மாடியில் ஒரு காற்றாலை செய்தார். பழைய ஆட்டோவின் சக்கர ஹப், அதில் ஒட்டிய காந்தங்கள், தானே சுற்றிய செம்புக் காயில், பேக்கிங் பெட்டிப் பலகையில் செதுக்கிய மூன்று இறக்கை. விட்டம் இரண்டு மீட்டர். மூன்று ஒயர் கீழே இறங்கி, டயோடு வழியாக ஒரு பழைய யூபிஎஸ் பேட்டரிக்குப் போனது. மூன்று மாதமாக ஒழுங்காக ஓடியது. ராத்திரியில் வாசல் விளக்கும் படிக்கட்டு விளக்கும் அதில்தான் எரிந்தன. அவருக்கு என்ன பெருமை, எனக்கு அதைவிடப் பெருமை. வருகிறவர் போகிறவரையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன்.

ஆடி மாதம் ஒரு மதியம். இரண்டு ஆசிரிய நண்பர்களை அங்கே கூட்டிப்போனேன். காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது, காற்றாடியும் நல்ல வேகத்தில்தான் சுற்றியது. மீட்டரை வைத்துப் பார்த்தோம், 14 வோல்ட். முப்பத்தோரு வருஷம் இயற்பியல் நடத்தியவன் சும்மா இருப்பேனா? மின்னியக்கு விசை என்றால் சுற்றுத் திறந்திருக்கும்போது அளப்பது என்று எத்தனை பேட்ச் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். "அந்த ஒயரைக் கழட்டுப்பா, லோடு இல்லாம எத்தனை வோல்ட்டுன்னு பாப்போம்" என்றேன். அவர் தயங்கினார். "இப்ப வேணாம் சார், காத்து கூடுதலா இருக்கு" என்றார். நண்பர்கள் முன்னால் நான் விடவில்லை. நானே கையை நீட்டி பேட்டரி கிளிப்பைப் பிடுங்கினேன்.

மீட்டர் 20 காட்டியது, 30 காட்டியது, 45 தாண்டியது. மேலே சத்தம் மாறியது. அதுவரை 'வுஷ் வுஷ்' என்று கேட்டது ஒரே இரைச்சலாக, ஹெலிகாப்டர் இறங்குகிற மாதிரி ஆகிவிட்டது. குழாய் அதிர்ந்தது. அவர் கிளிப்பை மறுபடி மாட்டப் பாய்ந்தார், பொறி பறந்தது, கையை இழுத்துக்கொண்டார். எல்லோரும் படிக்கட்டுக்கு ஓடினோம். பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம். ஒரு இறக்கை அடியோடு பிய்ந்து போய்விட்டது. ஒரு பக்கம் எடை போனதும் மற்ற இரண்டும் குழாயையே உலுக்கி, சுவரில் அடித்திருந்த கிளாம்பைப் பிடுங்கி, எல்லாம் சேர்ந்து கைப்பிடிச் சுவரில் விழுந்தது. நான் கிளிப்பைப் பிடுங்கியதிலிருந்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

பறந்த இறக்கை இரண்டு மாடி தாண்டிப்போய், ஒரு வீட்டு மாட்டுக் கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே குத்தி நின்றது. மாடு மேய்ச்சலுக்குப் போயிருந்தது. அந்த வீட்டு அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. "இப்பத்தான் வாத்தியாரே, சோறு உண்ண வாங்கன்னு பிள்ளைகள இங்கிருந்து எழுப்பிவிட்டேன்" என்று சொல்லிவிட்டு அந்த இறக்கையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஊரில் பேச்சு எப்படிப் போயிற்று தெரியுமா? 'அந்தப் பய ஏதோ ஆராய்ச்சி பண்றேன்னு வெடிக்க வச்சுட்டான்' என்று. அவர் வீட்டில் அவருக்கு நல்ல திட்டு. கூரைக்குப் பணம் நான் கொடுத்தேன். ஆனால் ஒயரைப் பிடுங்கியது நான்தான் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் பொதுவில் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. இந்தப் பதிவு எழுதப்போகிறேன் என்று போன் செய்து கேட்டபோது, "இப்ப எதுக்கு சார் அதெல்லாம்?" என்றார். எழுத வேண்டியிருக்கிறது. போன வாரம் அந்தப் பையன் சொன்ன பதிலும், அன்றைக்கு நான் செய்ததும் ஒன்றே.

ஒயரைக் கழற்றினால் ஏன் நிற்காது? பழைய சைக்கிள் டைனமோ ஓட்டியவர்களுக்கு இது காலில் தெரியும். டைனமோவை டயரில் சாய்த்தால் பெடல் கனக்கும். விளக்கு எரிய எரிய, நம் கால் அந்த மின்சாரத்துக்கு விலை கொடுத்துக்கொண்டே இருக்கும். விளக்கு பியூஸ் போய்விட்டால் பெடல் லேசாகிவிடும். லென்ஸ் விதி என்று பிளஸ் டூவில் நடத்துகிறோமே, அதுதான். காயிலில் மின்சாரம் ஓடினால், அது தன்னைச் சுற்றுகிற காந்தத்தையே எதிர்த்துப் பிடிக்கும். காற்றாலையில் பேட்டரிதான் பிரேக். நல்ல காற்றில் பேட்டரியைக் கழற்றுவது, மூணாறு மலைப்பாதையில் இறங்குகிற லாரியில் பிரேக்கைக் கழற்றுவதற்குச் சமம்.

இதை நாம் கவனிக்காமல் போவதற்கு சோலார்தான் காரணம் என்பது என் எண்ணம். இப்போது வீட்டுக்கு வீடு சோலார் பேனலைத் தெரியும். பேட்டரி நிறைந்தால் கன்ட்ரோலர் பேனலைத் துண்டித்துவிடும், பேனல் சும்மா வெயில் காயும், ஒரு ஆபத்தும் இல்லை. அதே கன்ட்ரோலரை வாங்கிக் காற்றாலைக்கு மாட்டுகிறார்கள். ஆடி மாதம் விடிய விடியக் காற்று. நடுராத்திரி பேட்டரி நிறையும். கன்ட்ரோலர் தன் கடமையைச் செய்யும், அதாவது துண்டிக்கும். அப்புறம் மாடியில் ஒரு காற்றாடி, பிடிக்க ஆளில்லாமல். பியூஸ் போனாலும் இதே கதை. ஒரு ஒயர் துருப்பிடித்து அறுந்தாலும் இதே கதை. நான் கையால் செய்ததைக் கன்ட்ரோலர் தானாகச் செய்யும், அவ்வளவுதான் வித்தியாசம்.

காற்றாலைக்கென்று விற்கிற கன்ட்ரோலர் வேறு. பேட்டரி நிறைந்ததும் மின்சாரத்தை ஒரு ஹீட்டர் காயிலுக்குத் திருப்பிவிடும். இறக்கையின் பிடி விடாது. வீட்டுக்கு வெந்நீரும் கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதுவும் ஒயர் அறுந்தால் உதவாது. மின்சாரத்தை நம்பி இருக்கிற எந்தப் பிரேக்கும், மின்சாரம் ஓடுகிற வழி முழுசாக இருக்கிற வரைக்கும்தான்.

வேகம் கூடினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு. ஒரு மீட்டர் நீள இறக்கை, எடை 700 கிராம், எடையின் மையம் நடுவிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிஷத்துக்கு 570 சுற்றில் அந்த இறக்கை தன் போல்ட்டை 100 கிலோ எடை தொங்குவது போல வெளியே இழுக்கும். இரண்டு சிமென்ட் மூட்டை. சுற்று இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. எட்டு சிமென்ட் மூட்டை, ஒரு பேக்கிங் பெட்டிப் பலகையின் நுனியில். அப்போது இறக்கை நுனியின் வேகம் மணிக்கு 430 கிலோமீட்டர். பிளஸ் ஒன்னில் வட்ட இயக்கம் நடத்தும்போது கல்லைக் கயிற்றில் கட்டிச் சுற்றுகிற படம் போட்டிருப்பார்கள். கயிறு அறுந்தால் கல் எந்தத் திசையில் போகும் என்று ஒரு மார்க் கேள்வியும் வரும். தொடுகோட்டுத் திசையில். அதனால்தான் சொல்கிறேன், சுற்றுகிற காற்றாடிக்குப் பக்கவாட்டில், அது சுற்றுகிற தளத்தில் யாரும் நிற்காதீர்கள். பிய்ந்த இறக்கை அந்தப் பக்கம்தான் வரும்.

பெரிய கம்பெனிக் காற்றாலைகளுக்கும் இந்தக் கண்டம் உண்டு. 2008 பிப்ரவரியில் டென்மார்க்கில் ஹோர்ன்ஸ்லெட் என்ற ஊருக்குப் பக்கத்தில், புயல் காற்றில் பிரேக் பிடிக்காமல் ஒரு காற்றாலை கட்டுக்கடங்காமல் சுற்றி, இறக்கை கோபுரத்தில் அடித்துச் சிதறியது. அந்த வீடியோ யூடியூபில் கிடைக்கும், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கண்டமனூர்ப் பக்கம் பெருங்காற்று அடிக்கும்போது சில காற்றாலைகள் சுற்றாமல் நிற்பதைப் பார்த்து, 'இவ்வளவு காத்தடிச்சும் நிப்பாட்டி வச்சுருக்கானுங்களே' என்று பஸ்ஸில் பேசுவார்கள். நிற்பதற்குப் பல காரணம் இருக்கும். ஆனால் பொதுவாகப் பெரிய காற்றாலைகள் மணிக்கு 90 கிலோமீட்டர் அளவில் தாங்களே நின்றுவிடும்படி செய்யப்பட்டவை. அவை இறக்கையைத் தன் அச்சில் திருப்பிக் காற்றை நழுவ விடுகின்றன. அதற்கு மோட்டார், கம்ப்யூட்டர், தனி பிரேக் எல்லாம் உண்டு.

நம் மாடிக் காற்றாலைக்கு அதெல்லாம் முடியாது. முடியவும் வேண்டாம். இந்தப் பிரச்சினைக்கு 170 வருஷத்துக்கு முன்னாலேயே வழி பிறந்துவிட்டது. 1854-ல் அமெரிக்காவில் டேனியல் ஹாலடே என்பவர், பக்கத்தில் ஆளில்லாமலே தன் வேகத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் காற்றாலைக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த நாட்டுப் பண்ணைகளில் தண்ணீர் இறைத்த லட்சக்கணக்கான காற்றாலைகளுக்கு வழி திறந்தது அதுதான். விவசாயி வயலில் இருப்பார், காற்று எப்போது கூடும் என்று யாருக்குத் தெரியும்?

நம் ஜில்லாவிலேயே ஒரு கதை உண்டு. தேனியும் மதுரை மாவட்டத்தில் சேர்ந்திருந்த 1970-களின் தொடக்கத்தில், மார்கஸ் ஷெர்மன் என்ற அமெரிக்கர் மதுரை மாவட்டத்துக் கிராமத்தில் தண்ணீர் இறைக்க ஒரு காற்றாலை செய்தார். மாட்டுவண்டிச் சக்கரம், அதில் கட்டிய மூங்கில், மூங்கிலில் முக்கோணத் துணிப் பாய். செலவு குறைந்த காற்றாலை என்றுதான் அதைப் பற்றி எழுதினார்கள். எனக்கு அதில் பிடித்தது துணிதான். கிரீஸ் நாட்டின் கிரீட் தீவில் காலம் காலமாக இப்படிப்பட்ட துணிக் காற்றாலைகள் உண்டு. காற்று கூடினால் பாயை மூங்கிலில் நாலு சுற்று சுருட்டிவிடுவார்கள், பரப்பு குறைந்துவிடும். படகோட்டிகள் பாயைக் குறைப்பது போலத்தான். காற்று மீறினால் துணி கிழியும், யார் தலையும் உடையாது. பிவிசி பைப்புக்கும் மரப் பலகைக்கும் அந்தக் குணம் இல்லை.

சரி, மர இறக்கைக்கு என்ன வழி? மடங்கும் வால்.

ஸ்காட்லாந்தில் ஸ்கொரெய்க் என்று ஒரு தீபகற்பம், சாலையே கிடையாது. அங்கே குடியேறிய ஹியூ பிகாட் என்பவர் 1970-களிலிருந்து கையால் காற்றாலை செய்துவருகிறார். பழைய வேனின் பிரேக் டிரம்மை வைத்துக்கூட ஜெனரேட்டர் செய்தவர். அவர் எழுதிய செய்முறைப் புத்தகத்தை வைத்து உலகம் முழுக்கச் செய்கிறார்கள். நம் ஆரோவில்லில் மின்வாயு என்ற அமைப்பும் அந்த வழியில் செய்கிறது. அந்தக் காற்றாலைகள் எதிலும் வாலை நேராக வெல்ட் வைத்திருக்க மாட்டார்கள். வால் கீலில் தொங்கும்.

அது வேலை செய்கிற விதத்தை அந்தப் பையனுக்கு என் வீட்டு இரும்பு கேட்டைக் காட்டித்தான் விளக்கினேன். எங்கள் கேட்டின் கீல் கொஞ்சம் சாய்ந்து மாட்டியது. கொத்தனார் செய்த தப்பு. திறந்துவிட்டால் தானாக வந்து மூடிக்கொள்ளும். ஏன்? திறக்கும்போது கேட் கொஞ்சம் மேலே ஏறுகிறது. கையை விட்டால் தன் எடையால் இறங்கி மூடுகிறது. காற்றாலையின் வாலும் அப்படித்தான். கீலைச் செங்குத்திலிருந்து சுமார் 20 டிகிரி சாய்த்து மாட்டுவார்கள். வால் தன் எடையால் தன் இடத்தில் இறங்கி நிற்கும். இன்னொரு பக்கம், காற்றாடியைக் குழாயின் அச்சுக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி வைப்பார்கள். காற்று காற்றாடியைத் தள்ளத் தள்ள, அது பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். மிதமான காற்றில் வாலின் எடை அதை விடாது. காற்று ஒரு அளவைத் தாண்டினால் தள்ளு ஜெயிக்கும். வால் கீலில் மேலே ஏறி மடங்கும், காற்றாடி காற்றுக்கு ஓரமாகத் திரும்பிக்கொள்ளும். காற்று தணிந்தால் வால் இறங்கும், காற்றாடி மறுபடி முகம் காட்டும். ஸ்பிரிங் இல்லை, மோட்டார் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. ஒயர் அறுந்தால்கூட வேலை செய்கிற பிரேக், ஏனென்றால் அதை இயக்குவதே காற்றும் எடையும்தான்.

இதைச் செய்ய லேத் பட்டறையில் அரைநாள் வேலை. இரண்டு அளவுக் குழாய் ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற மாதிரி வேண்டும், ஒரு சாய்வான வெல்டிங் வேண்டும், வால் அளவு மீறிச் சுற்றிப்போய் இறக்கையில் இடிக்காமல் இருக்க இரண்டு தடுப்பு வேண்டும். செலவு காந்தத்துக்கு ஆகிற செலவில் ஒரு சிறு பங்கு.

இதிலும் ஒரு கூத்து உண்டு. வால் சீக்கிரம் மடங்குகிறது, மின்சாரம் போதவில்லை என்று வாலில் கல்லைக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு போல்ட், இரண்டு போல்ட், ஒரு இரும்புப் பட்டை என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் மின்சாரம் கூடத்தான் செய்யும். குக்கர் விசில் தொந்தரவாக இருக்கிறதென்று அதன் மேல் அம்மிக் குழவியை வைப்பதற்குச் சமம் அது. வால் எடையைக் குறைவாக வைத்து ஆரம்பியுங்கள். ஒரு ஆடியை அப்படியே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு யோசியுங்கள்.

மூன்று ஒயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் நின்றுவிடும் சார், ஷார்ட் பண்ணிவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நிரந்தரக் காந்தம் வைத்த ஜெனரேட்டரில் அது உண்மைதான். டயோடுக்கு முன்னால் மூன்று ஒயரையும் ஒன்று சேர்த்தால் காற்றாடி மெல்ல உருண்டுகொண்டு கிடக்கும். நின்று கிடக்கிற வண்டிக்குக் கல் வைக்கிற மாதிரி அது. காற்று ஓய்ந்திருக்கிற நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். தறிகெட்டு ஓடுகிற காற்றாடியில் செய்தால் பிடிக்காமலும் போகலாம், காயிலும் கருகலாம். காயில் கருகிவிட்டால் அந்தப் பிரேக்கும் போயிற்று.

எங்களுடையது செங்குத்துக் காற்றாலை, ஆபத்தில்லை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டிரம்மை இரண்டாகப் பிளந்து செய்கிற வகை என்றால் கொஞ்சம் நிம்மதிதான், அதன் விளிம்பு ஏறக்குறையக் காற்றின் வேகத்தில்தான் ஓடும். மெல்லிய இறக்கைகளை நிமிர்த்தி நட்ட வகை அப்படி இல்லை. அதுவும் பறக்கும்.

வியாபாரத்துக்கு வருகிற சின்னக் காற்றாலைகளுக்கு 61400-2 என்று சர்வதேசத் தரமே இருக்கிறது. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிற தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் கயத்தாறில் சோதனை நிலையம் வைத்திருக்கிறது. ஆனால் மாடியில் பையன் செய்கிறதை யார் வந்து சோதிப்பார்கள்? அப்பா, அம்மா, வாத்தியார், கண்காட்சி நடுவர், இவ்வளவு பேர்தான். நான் பல வருஷம் நடுவராக உட்கார்ந்தவன். எத்தனை வோல்ட், எத்தனை வாட், என்ன செலவு, இந்த மூன்றைத் தவிர நான் எதுவும் கேட்டதில்லை. நாம் கேட்பதைத்தான் பிள்ளைகள் செய்வார்கள். வோல்ட் கேட்டால் வோல்ட் செய்வார்கள்.

அதனால் இப்போது பணியில் இருக்கிற ஆசிரிய நண்பர்களிடம் ஒரு கோரிக்கை. காற்றாலை மாதிரி வந்தால் முதலில் அதன் வாலைத் தொட்டுப் பாருங்கள். வெல்ட் வைத்து ஆடாமல் இருக்கிறதா, கீலில் மடங்குகிறதா? ஒயர் அறுந்தால் என்ன ஆகும் என்று அந்தப் பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். அதற்குப் பாதி மதிப்பெண்ணை ஒதுக்குங்கள். மேசை ஃபேன் முன்னால் ஓடுகிற சின்ன மாதிரிக்கு எதற்கு இது என்பார்கள். அந்த மாதிரியைத்தான் அடுத்த வருஷம் பெரிசாகச் செய்து மாடியில் நடப்போகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு, 'எதுக்கு வம்பு, இனிமேல் காற்றாலை பிராஜெக்டே வேண்டாம்' என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். என் பயமே அதுதான். ஒரு கூரை உடைந்தால் ஒரு தெருவே மறந்துவிடும். ஒரு பிள்ளைக்கு அடிபட்டால், எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இதை நிறுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை வரும். மின்சாரத்துக்காக என்றால் சோலார் பேனலே போதும், மலிவு, தொல்லையும் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். அதுவும் வீட்டு மாடியில் சுவரிலும் தண்ணீர்த் தொட்டியிலும் முட்டிச் சுழல்கிற காற்றில் பெரிசாக எதுவும் கிடைக்காது. ஆனால் பேனலை வாங்கி மாட்டுகிற பையன் என்ன கற்றுக்கொள்கிறான்? காயில் சுற்றி, மரம் செதுக்கி, பேரிங் மாட்டி, வெல்டிங் பட்டறையில் கெஞ்சி நின்று ஒரு பொருளைச் செய்கிற பையனுக்கு லென்ஸ் விதி உள்ளங்கையில் தெரியும். எனக்கே அது முப்பத்தோரு வருஷம் நடத்திய பிறகு, அந்த ஒரு நிமிஷத்தில்தான் தெரிந்தது.

அந்த மாணவர் அதற்கடுத்த வருஷமே மறுபடி ஒன்று செய்தார். மாடியில் இல்லை, தோட்டத்தில், வீடுகளை விட்டுத் தள்ளி, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டிய கம்பத்தில். மடங்கும் வால். வயிரம் பாய்ந்த நல்ல மரத்தில் இறக்கை. போன ஆடியில் ஒரு ராத்திரி அங்கே தங்கினேன். காற்று ஏற ஏறச் சத்தமும் ஏறும். எனக்கு வயிறு கலங்கும். ஒரு கட்டத்தில் 'கிறீச்' என்று கீல் சத்தம், வால் மேலே ஏறும், இரைச்சல் அடங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் 'டொக்' என்று வால் இறங்கும். விடிய விடிய இதே கிறீச், டொக். "கீலுக்கு கிரீஸ் வைக்கணும் சார், தூங்குங்க" என்றார் அவர். அவர் தூங்கினார்.

பையனும் அவன் அப்பாவும் வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறார்கள். மூன்று பேருமாக லேத் பட்டறைக்குப் போய்க் கீல் செய்யக் கொடுக்கப்போகிறோம். இப்போது மாடியில் நிற்கிறதை என்ன செய்வது சார் என்று அவன் அப்பா கேட்டார். காலையில் காற்று இல்லாத நேரம் பார்த்து, இறக்கை மூன்றையும் கழற்றிக் கீழே வைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் மாடியிலும் வால் மடங்காத காற்றாலை ஏதாவது இருந்தால், இந்த வாரமே கழற்றி இறக்கிவிடுங்கள். கீல் படம் வேண்டுபவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், கையால் வரைந்தது இருக்கிறது, அனுப்புகிறேன்.